உங்கள் ஜென்ம நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்கலாம்!

நிலாதான் வழிகாட்டி

"என்ன நட்சத்திரம்?"

கோவிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது அர்ச்சகர் கேட்பார். "ரோகிணி", "மகம்" என்று உடனே பதில் வரும்.

ஆனால், அந்த ரோகிணி வானத்தில் எங்கே இருக்கிறது? பலருக்குத் தெரியாது!

ஜாதகத்தில் எழுதியிருப்பது வெறும் பெயர் அல்ல. அது வானத்தில் நிஜமாகவே இருக்கிறது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மொட்டை மாடியில் நின்றே பார்க்கலாம். டெலஸ்கோப் வேண்டாம். தினசரி காலண்டர் இருந்தால் போதும்.

ஏன் 27?

சந்திரன் வானத்தை ஒரு முறை சுற்றிவர 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகிறது. முன்னோர் அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். குழந்தை பிறந்தபோது சந்திரன் எந்தப் பங்கில் இருந்ததோ, அதுவே அதன் ஜென்ம நட்சத்திரம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலண்டரில் உங்கள் நட்சத்திரம் போட்டிருக்கும் நாளில் நிலாவைப் பாருங்கள். உங்கள் நட்சத்திரம் அந்தப் பக்கம்தான் இருக்கும். நிலா வெளிச்சம் மறைத்தால் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளில் நிலா நகர்ந்துவிடும். அப்போது தெளிவாகத் தெரியும்.

ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கும் நிலா போகும் வழியிலேயே இருக்கின்றன. சில சமயம் நிலா அவற்றை மறைப்பதும் உண்டு! சுவாதியும் திருவோணமும் வடக்கே வெகுவாகத் தள்ளி இருக்கின்றன.

நிறமும் அடையாளம் சொல்லும். ரோகிணி, திருவாதிரை, கேட்டை மூன்றும் செந்நிறம். சித்திரை நீலம் கலந்த வெண்மை. கார்த்திகை ஒரு சிறு கூட்டம்.

சூரியன் அந்தப் பக்கம் இருக்கும் மாதத்தில் மட்டும் நட்சத்திரம் தெரியாது. பொறுத்திருக்க வேண்டும்.

பிறந்த வருஷத்து ஒளி

ஒளி வினாடிக்கு 1 லட்சத்து 86 ஆயிரம் மைல் வேகத்தில் ஓடுகிறது. அப்படி ஓடியும், திருவோணத்தில் இருந்து இங்கே வர சுமார் 17 வருஷம் ஆகிறது!

ஆகவே, 17 வயதுப் பையன் திருவோணத்தைப் பார்த்தால், அவன் பிறந்த சமயத்தில் புறப்பட்ட ஒளியைத்தான் பார்க்கிறான். 37 வயதுக்காரருக்குச் சுவாதி. 65 வயதுத் தாத்தாவுக்கு ரோகிணி. 79 வயதுப் பாட்டிக்கு மகம். 25 வயதுக்காரருக்கும் ஒன்று உண்டு. அது 27-ல் சேராத அபிஜித்!

பூந்தமல்லியின் நட்சத்திரம்

பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லியில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசித் தொண்டு செய்தவர். ராமானுஜர் குருவாகப் போற்றியவர். மாசி மாதம், மிருகசீரிட நட்சத்திரத்தில் பிறந்தவர்.

மாசி மாதம் இரவு எட்டு மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு வடகிழக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. அதற்குச் சற்று மேற்கே, நெருக்கமாக மூன்று சிறு புள்ளிகள். அதுதான் மிருகசீரிடம்!

கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். காரணம், அது மங்கலானது. அதோடு, தொழிற்சாலை விளக்கும் நெடுஞ்சாலை விளக்கும் வானத்தை வெளுக்க வைத்துவிட்டன. பெரிய நட்சத்திரங்கள் தப்பித்துக்கொள்கின்றன. சிறியவை மறைந்து போகின்றன. பூந்தமல்லி மகானின் நட்சத்திரத்தைப் பூந்தமல்லியிலேயே தேட வேண்டியிருக்கிறது!

ஊர் விளக்கை அணைக்க முடியாது. வீட்டு மாடி விளக்கை அணைக்கலாமே? வெளி விளக்குக்குத் தரையை நோக்கி மூடி போடலாம். இருட்டில் கால் மணி நேரம் நின்றால் கண் பழகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு நட்சத்திரமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

பிள்ளைகளுக்கு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. இனி, அதைக் காட்டிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.