போகும்போது நண்பர்களையும் கூட்டிப்போக முடியுமா?

2019 இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. பிரச்சினை, அவர் முகப்பில் வைத்திருந்த படத்திலிருந்து தொடங்கியது. 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற புகைப்படம் அது. நாஜிகளுக்குத் தலைவணங்காத மனிதனின் படத்தையே ட்விட்டர் வெறுப்புப் படமாகக் கருதிவிட்டது. ஹெக்டே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கோபம் கொண்ட இந்தியர்கள் ஏராளமானோர் அந்த நவம்பரில் மாஸ்டடான் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கினார்கள். அதுவரை இங்கே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ஆனால் வந்தவர்களில் பலர் விரைவிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கோபம் தணிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அங்கேதானே இருந்தார்கள்!

சமூக வலைத்தளத்தில் பயனருக்கு உரிமை வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தத் திரும்பி வந்த கூட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். யார் நம் பதிவைப் பார்க்கலாம், எந்த விளம்பரம் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க எல்லா நிறுவனங்களும் பக்கம் பக்கமாக வசதிகள் தருகின்றன. அவையெல்லாம் வீட்டுக்காரர் வாடகைக்காரருக்கு அனுமதித்த சலுகைகள், நாளைக்கே மாறலாம். உறவுகளை இழக்காமல் வெளியேற முடிவதுதான் உரிமை. கைபேசியில் இதை நாம் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். 2011 ஜனவரியில் நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. சேவை சரியில்லையென்றால் கிளம்பிவிடலாம், அம்மாவின் அழைப்பு அதே எண்ணுக்கு வரும். தளத்தை உள்நாட்டிலேயே கட்டிவிட்டால் போதும் என்பது இதற்கு விடையாகாது. தமிழ் உட்பட இந்திய மொழிகளை முன்வைத்து 2020இல் வந்த 'கூ', 2024 ஜூலையில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அங்கே சேர்த்த நட்பு வட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேறு இடம் இருக்கவில்லை.

ஜெர்மனியில் இளம் நிரலாளராக இருந்த யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடானின் அமைப்பே வேறு. அது ஒரே நிறுவனத்தின் ஒரே கணினிக் கிடங்கில் ஓடுவதில்லை. பல்கலைக்கழகமோ, நண்பர் குழுவோ, தனி ஆளோ தமக்கென ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். 2018இல் வெப் தரநிர்ணய அமைப்பான டபிள்யூ3சி ஏற்ற 'ஆக்டிவிட்டிபப்' என்ற பொது நெறிமுறையில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மின்னஞ்சல் போவது மாதிரிதான். வீடு மாறுவது எப்படி என்று பாருங்கள். புதிய சர்வரில் கணக்குத் திறந்து, பழைய முகவரியும் நம்முடையதே என்று அங்கே பதிந்துவிட்டு, பழைய கணக்கில் புது முகவரியைக் கொடுத்தால் போதும். பின்தொடர்கிறவர்களின் சர்வர்களுக்குச் செய்தி போய், அவர்கள் தானாகவே புது முகவரியைத் தொடரத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கதவு பெரிய நிறுவனங்களுக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. எலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்த இரண்டே மாதத்தில், 2022 டிசம்பரில், மாஸ்டடான் உள்ளிட்ட சில தளங்களில் தங்களுக்குள்ள கணக்கின் முகவரியைப் பயனர்கள் பகிரக் கூடாது என்று அந்த நிறுவனம் விதி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை விலக்கிக்கொண்டது. எங்கே போகிறேன் என்று நண்பரிடம் சொல்வதைக்கூடத் தடுக்கத் துணிந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

தலைமை இல்லாத இடத்தில் விஷமிகள் குடியேற மாட்டார்களா என்று கேட்பார்கள். குடியேறினார்கள். தீவிர வலதுசாரிகள் கூடும் 'கேப்' தளம் 2019இல் மாஸ்டடானின் திறந்த மென்பொருளையே எடுத்துக்கொண்டது. மென்பொருள் பொதுவென்பதால் ரோச்கோவால் தடுக்க முடியவில்லை. ஆனால் மற்ற சர்வர்கள் ஒவ்வொன்றாக அதனோடு தொடர்பைத் துண்டித்தன. ஊர் சேர்ந்து ஒதுக்கிய கதைதான். இந்த ஏற்பாடு போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு நேரத்தில் சர்வர் நடத்தும் ஒருவரால் குழந்தைகளைச் சுரண்டும் படங்களையும் திட்டமிட்ட வசைக் கும்பலையும் தனியாகச் சமாளிக்க முடியாது. அதற்குப் பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். செலவை நன்கொடையால் சமாளிக்கலாம், பல சர்வர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. சர்வர் நடத்துகிறவரே சர்வாதிகாரி ஆகிவிடுவாரே என்ற கேள்விக்கும் வெளியேறும் வழிதான் பதில்.

என்னைக் கவலைப்பட வைக்கும் குறை வேறு. மாஸ்டடானில் வீடு மாறினால் நண்பர்கள் வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. பழைய சர்வர் முன்னறிவிப்பின்றி நின்றுபோனால் நண்பர்களையும் மாற்றிக்கொள்ள முடியாது. 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட ப்ளூஸ்கை என்ற தளம் இதற்கு வேறு வழி பார்க்கிறது: பதிவுகள், தொடர்புகள் எல்லாவற்றையும் பயனருக்கென்று தனிக் களஞ்சியத்தில் வைத்து, அந்தக் களஞ்சியத்தையே இடம் மாற்ற விடுகிறது. நடைமுறையில் இன்னும் பெரும்பாலானோரின் களஞ்சியம் ப்ளூஸ்கை என்ற ஒரே நிறுவனத்தின் கணினிகளில்தான் இருக்கிறது.