அமுக்கினால் மூடும், அமுக்கினால் திறக்கும்

வாஷ்பேசினில் சங்கிலி கட்டித் தொங்கும் ரப்பர் அடைப்பானை இப்போது அதிகம் பார்க்க முடிவதில்லை. அதன் இடத்தில் பளபளவென்று உட்கார்ந்திருப்பது ‘பாப்-அப்’ கப்ளிங். ஒருமுறை அமுக்கினால் மூடி இறங்கித் தண்ணீரைத் தேக்கும். மறுபடி அமுக்கினால் எழும்பி வழிவிடும். பால்பாயின்ட் பேனாவில் இருக்கும் அதே தந்திரம்தான்: ஒரு ஸ்பிரிங், மாட்டிக் கழலும் ஒரு கொக்கி.

வாங்கப் போனால் கடைக்காரர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “பேசின்ல ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்கா?” பலர் கேட்பதில்லை, அளவைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் அந்த ஓட்டைக்குள் நுழையும் தண்ணீர், பீங்கானுக்குள் மறைந்திருக்கும் பாதையில் இறங்கி, கப்ளிங்கின் பக்கவாட்டுத் துளைகள் வழியே கழிவுக் குழாயில் சேர்கிறது. துளையில்லாத கப்ளிங்கை மாட்டினால் அந்தப் பாதை முட்டுச்சந்து. மூடி இறங்கியிருக்க, குழாயை மூட மறந்தால் குளியலறையே குளம்.

அதே ஓட்டை காற்றுக்கும் வழி. மூடி திறந்ததும் தண்ணீர் கீழே பாய, அங்கே அடைபட்ட காற்று மேலே வந்தாக வேண்டும். மேசைமேல் வைக்கும் கிண்ண பேசின்கள் பலவற்றில் ஓவர்ஃப்ளோ கிடையாது. காற்று தண்ணீரோடு மல்லுக்கட்டி, குமிழ் குமிழாக அதே வாய் வழியே வர வேண்டியிருக்கிறது. அடைப்பே இல்லாமல் தண்ணீர் தயங்கித் தயங்கி வடிவதற்கு இதுவும் ஒரு காரணம். அழகுக்குக் கொடுக்கும் விலை என்றுதான் சொல்ல வேண்டும்.

பொருத்தும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். மரை வழியாக வரும் கசிவுக்கு அது ஓரளவு உதவும். ஆனால் பேசினுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வாஷர். நட்டு இறுக இறுக அது நசுங்கி, பீங்கானின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்புகிறது. பீங்கான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசைக்குத் தோற்றுவிடும். ரெஞ்சை அளவுக்கு மீறித் திருகினால் துளையோரத்தில் மயிரிழை விரிசல் விழுவது அதனால்தான். கையால் இறுக்கியபின் ரெஞ்சால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். மேலே கப்ளிங்கைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்; நட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் வாஷர் சுருண்டுவிடும்.

வேலை முடிந்ததும் மூடியை அமுக்கி, ஓவர்ஃப்ளோ வரை தண்ணீர் நிரப்பிச் சற்று வழியவிட்டுத் திறந்துவிடுங்கள். நட்டைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரிந்துவிடும்.