சேவைக்கு ஒரு வரைபடம்



நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், சேர்க்கை நாளன்று பெற்றோர் நெடுநேரம் வெயிலில் நிற்பர். ஒரே விண்ணப்பத்திற்காக மூன்று மேசைகளுக்கு அலைவர். எழுத்தர் சுறுசுறுப்பற்றவர் என்று கருதி அவரைப் பன்முறை கடிந்துகொண்டேன். மேசைகளை அவ்வாறு வகுத்தவன் நானே என்பது ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு விளங்கிற்று. விளக்கியது, 'சேவை வடிவமைப்பு' என்னும் துறையாகும்.

வீடு கட்டுவோர் முதலில் வரைபடம் வரைகின்றனர். ஆனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் நாம் பெறும் சேவையைக் கையால் தொட இயலாது. நடக்கும்போதே தோன்றி, நடந்தவுடன் மறைவது அது. அதற்குப் படம் வரைவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் அமெரிக்க வங்கி அதிகாரியான லின் ஷோஸ்டாக் அம்மையார். 1982, 1984ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் புகழ்பெற்றவை. தெருமுனையில் காலணிக்குப் பாலிஷ் போடும் தொழிலையே அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். தூசு துடைத்தல், பாலிஷ் பூசுதல், தேய்த்து மினுக்குதல், காசு பெறுதல் எனப் படிகள் நான்கு. உரிய நேரம் 2 நிமிடம். வேறு நிறப் பாலிஷைப் பூசிவிட்டால் அதனைத் திருத்தும் வழியும் படத்திலேயே உண்டு. இவற்றிற்கிடையே ஒரு கோடும் உண்டு. கோட்டிற்கு மேலே, வாடிக்கையாளர் காண்பவை. கீழே, பொருள்களைத் தேர்ந்து வாங்குதல் போன்ற அவர் காணாதவை. மேலே தோன்றும் குறைக்குக் காரணம் கீழே மறைந்திருத்தல் கூடும். என் எழுத்தர் கோட்டிற்கு மேலே இருந்தார்; நான் கீழே இருந்தேன்.

வணிகத்தில் முளைத்த இவ்வெண்ணம் பின்னர்க் கல்வியிற் புகுந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில், பேராசிரியர் மிகாயேல் எர்ல்ஹோஃப் 1991ஆம் ஆண்டில் இதனை வடிவமைப்புக் கல்வியின் ஒரு துறையாக அறிமுகப்படுத்தினார். 1995ஆம் ஆண்டில் பிர்கிட் மாகர் அம்மையார் அங்கே இத்துறைப் பேராசிரியரானார். 2001ஆம் ஆண்டில், இதனையே தொழிலாகக் கொண்ட லிவ்வொர்க் என்னும் நிறுவனம் லண்டனில் தோன்றிற்று. வணிகத்தோடு நில்லாது அரசாங்கங்களும் இதனைக் கைக்கொண்டன. பல அலுவலகங்களின் சேவைகளைக் குடிமக்கள் இணையத்தில் எளிதாகப் பெறுதற்கென்று, பிரிட்டிஷ் அரசாங்கம் 2011ஆம் ஆண்டில் ஒரு தனிப்பிரிவையே நிறுவியது.

மாணவர்களே! நாளை நீங்களும் ஏதேனும் ஒரு மேசைக்குப் பின்னே அமர்வீர்கள். குறை நேரும்போது ஆளைக் கடிவதற்கு முன், எழுந்து வந்து வரிசையின் கடைசியில் ஒருமுறை நின்று பாருங்கள். அன்று நான் அவ்வாறு நின்றிருந்தால், நல்லவர் ஒருவர் வீண்பழி சுமந்திருக்க மாட்டார்.