வாளியும் துணியும் இனி வேண்டாமா?

வீட்டு வேலைகளுக்குள்ளே பெயர் வாங்கித் தராத வேலை ஒன்று உண்டென்றால் அது தரை துடைப்பதுதான். சமையல் நன்றாக அமைந்தால் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள். கோலம் அழகாக இருந்தால் தெருவோடு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தரை பளிச்சென்று இருந்தால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அழுக்காக இருந்துவிட்டாலோ, வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் அதுதான் முதலில் படும்!

இந்தப் புகழில்லாத வேலைக்கு உடம்பு கொடுக்கும் விலையோ கொஞ்சமல்ல. குனிந்து பெருக்க வேண்டும். குந்தித் துடைக்க வேண்டும். துணியை முக்கி முறுக்கிப் பிழிய வேண்டும். நிறைந்த வாளியை அறைக்கு அறை தூக்க வேண்டும். நாற்பது வயது தாண்டியதும் முழங்காலும் இடுப்பும் பழைய கணக்கைக் கேட்க ஆரம்பித்து விடுகின்றன. நீண்ட கைப்பிடி வைத்த மாப்பு வந்த பிறகு குந்துவது குறைந்தது. பிழிவதும் தூக்குவதும் குறையவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து ஒழிப்பதாகச் சொல்லிக்கொண்டு இப்போது கடைகளில் ஒரு யந்திரம் வந்திருக்கிறது. 'வெட் அண்ட் டிரை வாக்குவம் கிளீனர்' என்று பெயர். உலர்ந்த தூசியையும் எடுக்குமாம். தண்ணீர் தெளித்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் தானே உறிஞ்சிக்கொள்ளுமாம். விளம்பரத்தைப் பார்த்தால் வீட்டு எஜமானி கையில் புத்தகத்தோடு நாற்காலியில் சாய்ந்துவிடலாம் போலத் தோன்றுகிறது. விளம்பரம் சொல்வது இருக்கட்டும், நம் வீட்டுத் தரை என்ன சொல்கிறது? என் நாத்தனார் புதிதாக வாங்கிய யந்திரத்தை ஊருக்குப் போகும்போது பதினைந்து நாட்களுக்கு என்னிடம் விட்டுப் போனாள். பரீட்சை வைத்துப் பார்க்க நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது.

*கைக்குட்டையில் பிறந்த யோசனை*

தூசியை உறிஞ்சும் யந்திரத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1901-ஆம் ஆண்டில் ஹ்யூபர்ட் செஸில் பூத் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் லண்டனில் ஒரு யந்திரத்தின் வேலையைப் பார்த்தார். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. 'ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. ஒரு ஹோட்டலில் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை வைத்து, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு முட்டி இருமல் வந்தது. கைக்குட்டையின் அடிப்புறம் கறுத்திருந்தது. யோசனை பலித்துவிட்டது!

அவர் செய்த யந்திரத்தைக் குதிரைகள் தெருவில் இழுத்து வரும். வீட்டு வாசலில் அதை நிறுத்தி, ஜன்னல் வழியாக நீண்ட குழாய்களை உள்ளே விடுவார்கள். சில வருஷங்கள் கழித்து அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, பெருக்கும் தூசியால் தமக்கு இழுப்பு அதிகமாகிறதே என்று வருந்தி, ஒரு விசிறியையும் தலையணை உறையையும் சேர்த்துக் கையால் தள்ளும் யந்திரம் ஒன்றைச் செய்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஹூவர் குடும்பத்தார் அதை வாங்கி உலகமெங்கும் விற்றார்கள்.

இவையெல்லாம் கம்பளம் விரித்த வீடுகளுக்காகப் பிறந்தவை. நம் நாட்டில் 1982-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி தொடங்கி, அதன் விற்பனையாளர்கள் வீடு வீடாக மணி அடித்து வாக்குவம் கிளீனரைக் காட்டினார்கள். ஆசையாக வாங்கியவர்கள் பலர். ஆனால் நம் தரை மொசைக், டைல்ஸ், கிரானைட், கடப்பைக் கல், சிவப்புச் சிமென்டு. இவற்றைத் தூசி தட்டினால் மட்டும் நமக்குத் திருப்தி வருமா? தண்ணீர் பட்டுத் துடைத்தால்தான் வீடு வீடாக இருக்கும். ஆகவே அநேக வீடுகளில் அந்த யந்திரம் தீபாவளிக்குத் தீபாவளி சோபாவைத் தட்டிவிட்டுப் பரணுக்கு ஏறிவிட்டது. தண்ணீரும் தொடும் யந்திரம் என்றதும் நம்மவர்கள் திரும்பிப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

*வயிற்றுக்குள் இரண்டு தொட்டி*

யந்திரத்தின் ரகசியம் மிகச் சின்னது. அதில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றொன்றில் அழுக்குத் தண்ணீர். அடியில் மெத்தென்ற துணி சுற்றிய உருளை ஒன்று வேகமாகச் சுழல்கிறது. நல்ல தண்ணீர் சிறுகச் சிறுக உருளையில் சொட்டுகிறது. நனைந்த உருளை தரையைத் தேய்க்கிறது. உருளையின் மேல் அழுந்தி நிற்கும் ஒரு பட்டை அழுக்குத் தண்ணீரை வழித்து விட, விசிறியின் இழுப்பில் அது மேலே ஏறி இரண்டாவது தொட்டியில் விழுகிறது. ஒருமுறை தரையைத் தொட்ட தண்ணீர் மறுமுறை தொடுவதில்லை.

நம் வாளியில் நடப்பது என்ன? முதல் அறையைத் துடைத்த துணியை அதே தண்ணீரில் அலசி, இரண்டாவது அறையைத் துடைக்கிறோம். மூன்றாவது அறைக்குப் போகும்போது தண்ணீரா, கஷாயமா என்று தெரியாது.

பூத் துரை செய்ததுபோல் நானும் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தேன் - வாயில் வைக்க அல்ல! வாளியும் துணியும் கொண்டு துடைத்த கூடம் உலர்ந்த பிறகு, கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தேன். பழுப்பு நிறம் ஏறியது. யந்திரம் போன இடத்தில் தேய்த்ததில் லேசான சாயல்தான். அப்புறம் மூன்றாவது பரீட்சை: வாளித் தண்ணீரை அறைக்கு ஒரு முறை மாற்றி, பிழிவதற்குத் தனி வாளி வைத்துத் துடைத்துப் பார்த்தேன். கைக்குட்டை ஏறக்குறைய யந்திரம் போன இடத்தைப் போலவே இருந்தது! ஆகவே யந்திரம் வாங்க வசதியில்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். அலச ஒரு வாளி, பிழிய ஒரு வாளி என்று வைத்துக்கொண்டால் சுத்தத்தில் பெரும்பங்கு இன்றைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும்.

அப்படியானால் யந்திரத்தினால் என்ன லாபம்? இரண்டு. ஒன்று, முதுகு வளையவில்லை. மற்றொன்று, ஈரம் நிற்கவில்லை. வாளி முறையில் மின்விசிறி சுழன்றும் கூடம் உலரக் கால் மணி ஆயிற்று. யந்திரத்தின் பாதை சில நிமிஷங்களில் உலர்ந்துவிட்டது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயம் அல்ல. ஈரத் தரையில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். தரை துடைக்கும் வேளையில் கட்டிலை விட்டு இறங்கவே பயப்படும் என் மாமியார், யந்திரம் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சுவரைப் பிடிக்காமல் சமையலறைக்கு நடந்து வந்தார்.

*நம் வீட்டுக் குப்பையில் பரீட்சை*

ரசம்: புளிச் சக்கையும் கறிவேப்பிலையுமாகச் சிந்திய ரசத்தை ஒரே போக்கில் எடுத்துவிட்டது. முழு மதிப்பெண்.

இட்லி மாவு: தரையில் சுவடே இல்லை. ஆனால் தொட்டியில் இருக்கிறதே! உடனே கழுவாவிட்டால் சாயங்காலத்துக்குள் யந்திரம் இருக்கும் இடத்தை மூக்கே சொல்லும்.

அரிசி, கடுகு: அரிசியை எடுத்துக்கொண்டது. கடுகில் பாதியை எடுத்தது. மீதி பாதியைச் சுவர் ஓரத்துக்கு விரட்டியது.

காய்ந்த காபிக் கறை: ஒரு போக்கில் போகவில்லை. கறையை நனைத்து இரண்டு நிமிஷம் ஊறவிட்டு மறுபடி ஓட்டினால் போயிற்று.

தோசை எண்ணெய்: இங்கே யந்திரம் தோற்றது. எண்ணெயை இன்னும் கொஞ்சம் பரப்பித்தான் விட்டது. முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, மேலே கடலை மாவு தூவித் துடைத்துவிட்டு, பிறகு ஓட்ட வேண்டும்.

கோலமாவு: பூஜை அறைக் கோலத்தை முதலில் உலர்வாகப் பெருக்கிவிடுங்கள். அரிசி மாவு நனைந்தால் பசை. உருளையிலும் வடிகட்டியிலும் ஒட்டிக்கொள்ளும்.

தலைமுடியும் பூ நாரும்: மல்லிகைச் சரத்திலிருந்து உதிரும் பூவை விழுங்கிவிடுகிறது. வாழை நார்தான் சத்துரு. உருளையின் இரு முனைகளிலும் இறுகச் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோல் போட்டால்தான் வருகிறது.

மூலை முடுக்கு: சுவர் ஓரத்தில் ஒரு விரல் அகலம் துணியால்தான் துடைக்க வேண்டியிருந்தது. டைல்ஸ் இடுக்குகளில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கை பிரஷ்தான் வைத்தியம். மாடிப்படிக்கு இது ஏறாது. தண்ணீர் நிரப்பினால் கைக்குக் கனமாகவே இருக்கிறது.

கண்ணாடிச் சில், குண்டூசி, அணையாத கற்பூரம், ஊதுவத்திச் சாம்பல் - இவற்றின் பக்கமே யந்திரத்தைக் கொண்டு போகாதீர்கள். உருளையும் குழாயும் கிழியும். நெருப்பு உள்ளே போனால் அபாயம்.

இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த மாதிரித் தண்ணீருக்கும் சேற்றுக்கும் இந்த யந்திரம் அல்ல. இதன் தொட்டி சின்னது. அதற்குப் பீப்பாய் வடிவில், சக்கரம் வைத்த வேறு ஜாதி இருக்கிறது. அதுவும் தண்ணீரை உறிஞ்சுமே தவிரத் தேய்த்துத் துடைக்காது. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்வார்கள், ஏமாந்து விடாதீர்கள்.

*யந்திரத்துக்கும் குளிப்பாட்டு வேண்டும்*

வேலை முடிந்ததும் யந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. அழுக்குத் தொட்டியை அன்றைக்கன்றே கொட்டி அலச வேண்டும். வடிகட்டியைக் கழுவி உலர்த்த வேண்டும். உருளையைக் கழற்றிக் காற்றாட நிறுத்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் ஊசல் வாடை அடிக்கும், அடுத்த நாள் அந்த வாடை தரைக்கும் ஏறும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வசதி சில யந்திரங்களில் உண்டு. அது உருளையைத்தான் கழுவும். அந்த அழுக்கும் அதே தொட்டிக்குத்தான் வரும்.

ஃபினாயிலையும் சோப்புத் தூளையும் ஊற்றாதீர்கள். நுரை பொங்கினால் தொட்டி நிறைந்துவிட்டதென்று யந்திரம் ஏமாந்து நின்றுவிடும். நுரை மோட்டாருக்கும் ஆகாது. நுரை குறைந்த திரவம் இரண்டு மூடி போதும். மொசைக் தரை உள்ளவர்கள் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் சேர்க்க வேண்டாம். மொசைக்கில் உள்ள பளிங்குச் சில்லையும் சிமென்டையும் புளிப்பு அரித்துவிடும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். உப்புப் படிந்தால் சொட்டும் துளைகள் அடைபடும்.

*"என்னை நிறுத்திடுவீங்களாம்மா?"*

யந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஐந்து வீடுகளில் தரை துடைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள். அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யந்திரத்தின் குணாகுணங்களை எழுதிப் பயன் இல்லை.

மூன்றாம் நாள் யந்திரத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். உருளை சுழலும் வேகத்தில் அது தானாகவே முன்னால் ஓட, "மாடு மாதிரி இழுக்குதும்மா!" என்று சிரித்தாள். வார முடிவில் நார் சுற்றியதை எடுக்கவும் தொட்டியைக் கழுவவும் என்னைவிட நன்றாகப் பழகிவிட்டாள். ஃபினாயில் தண்ணீரில் வெடித்திருந்த விரல்களுக்கு அந்தப் பதினைந்து நாளும் ஓய்வு. "முட்டி வலி ராத்திரி கொஞ்சம் கம்மியா இருக்கும்மா" என்றாள். குந்தாமல் மிஞ்சிய நேரத்தில் ஜன்னல் கம்பிகளையும் மின்விசிறிகளையும் துடைத்தாள். சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. யந்திரம் ஒருத்தியின் முழங்காலைக் காப்பாற்றலாம். அவள் பிழைப்பைப் பறிக்க வேண்டியதில்லை. அதை முடிவு செய்வது யந்திரம் அல்ல, நாம்.

*வாங்கலாமா?*

வயதானவர்கள் அல்லது தவழும் குழந்தை உள்ள வீடு, இடுப்பு முழங்கால் வலி உள்ளவர்கள், பரந்த டைல்ஸ் தரை - இவர்களுக்கு யந்திரம் உபயோகப்படும். இரண்டே அறை, நிறையத் தட்டுமுட்டுச் சாமான், படிக்கட்டு என்றால் இரண்டு வாளி முறையே மேல்.

வாங்குகிறவர்கள் கடையில் விலையை மட்டும் கேட்காமல் இவற்றையும் கேளுங்கள்: மாற்று உருளையும் வடிகட்டியும் தனியே கிடைக்குமா, என்ன விலை? பாட்டரியை மாற்ற முடியுமா? பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரில் இருக்கிறதா? கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து ஓட்டினால் தண்ணீர் சிந்துமா? இரண்டு தொட்டியிலும் தண்ணீரோடு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உங்கள் கை என்ன சொல்கிறதோ அதுதான் சரியான பதில்.

பதினைந்தாம் நாள் என் மாமியாரிடம் அபிப்பிராயம் கேட்டேன். "எல்லாம் சரிதான். குனிய வேண்டாம், பிழிய வேண்டாம், வழுக்காது. ஆனால் அந்த அழுக்குத் தண்ணீரை யார் கொண்டு போய்க் கொட்டுவது?" என்றார்.

நியாயமான கேள்வி. பத்திரிகையின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த அவருடைய பிள்ளையை நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம்.