பழைய கணினியும் நினைவகமும்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சொல்பவற்றைப் பத்தாண்டு பழைய கணினி ஒன்றில்தான் தட்டச்சு செய்து சேமிக்கிறேன். எங்களில் பலரது வீடுகளிலும் இத்தகைய கணினிகளே உள்ளன. அவை மெதுவாக இயங்க ஒரு முக்கிய காரணம், றாம் எனப்படும் நினைவகம் போதாமை.

றாம் நிரம்பும்போது விண்டோஸ், வன்தட்டின் ஒரு பகுதியை மெய்நிகர் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. வன்தட்டு பல மடங்கு மெதுவானது. அதனால் இதை நிறுத்திவிட்டால் வேகம் கூடும் என்பார்கள். நிறுத்தாதீர்கள். இடம் தீர்ந்தால் மென்பொருள் திடீரென மூடிவிடும். சேமிக்காத வாக்குமூலம் அழிந்துவிடும். அதே துயரத்தை மறுபடி சொல்லுமாறு ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது? அதன் அளவை விண்டோஸே தீர்மானிக்கட்டும்.

மாற்ற வேண்டியது வேறு. விண்டோஸ் 10இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். நினைவகத்தை அதிகம் எடுப்பது எதுவெனப் பாருங்கள். கணினியோடு தானாகத் தொடங்கும் தேவையற்ற மென்பொருள்களை அங்குள்ள ஸ்டார்ட்அப் பகுதியில் முடக்குங்கள்.

அதன் பிறகும் போதாவிட்டால் றாம் வாங்கலாம். ஆனால் 32 பிட் விண்டோஸ் 4 ஜீபிக்கு மேல் பயன்படுத்தாது. டிடிஆர்3 பொருத்தும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. இவ்விரண்டையும் பார்த்த பின்னரே காசைச் செலவழியுங்கள்.