சியாங்யாங் கோட்டை

சீன தேசத்தின் ஹூபே மாகாணத்தில், வடக்கே ஹான் நதி பிரவகிக்க, ஏனைய மூன்று திசைகளிலும் அகழி சூழ்ந்து நிற்கும் சியாங்யாங் நகரம், அந்நாட்டின் வடபாகத்துக்கும் தென்பாகத்துக்கும் இடையே வாயிலாக அமைந்தமையால், ராஜ்யங்கள் மோதிக்கொண்ட போதெல்லாம் யுத்தத்தின் முதல் அடியைத் தானே தாங்க நேர்ந்தது. அகழியின் சராசரி அகலம் 180 மீட்டர். அதனை ஏரி என்றே சொல்லிவிடலாம்.

கோட்டையின் வடமேற்கு மூலையில் ‘சீமாட்டி மதில்’ என வழங்கும் பகுதியொன்று உண்டு. 378-ஆம் ஆண்டில் வடபுலத்துச் சைனியம் படையெடுத்து வந்தபோது, நகரத் தளபதி ஜூ ஷூவின் தாயாரான ஹான் அம்மையார், தாமே மதில்மேல் நடந்து சென்று பார்வையிட்டு, அம்மூலை பலவீனமானதென்று கண்டு, பணிப்பெண்களையும் நகரத்து ஸ்திரீகளையும் திரட்டி, உட்புறத்தே புதுச்சுவர் ஒன்றை எழுப்புவித்தார். பழைய மூலை இடிந்தது. புதுச்சுவர் பகைவரைத் தடுத்து நிறுத்திற்று.

பின்னர் 1268-இல் குப்ளாய் கானின் படை வந்து முற்றுகையிட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அசையாத நகரம், மேற்காசியாவிலிருந்து தருவிக்கப்பட்ட நிபுணர்கள் அமைத்த மாபெரும் கல்லெறி யந்திரங்கள் எதிர்க்கரையிலிருந்த ஃபான்செங்கைத் தகர்த்த பிறகே, 1273-இல் சரணடைந்தது. அவ்யந்திரங்களில் தமக்கும் பங்குண்டென்று மார்க்கோ போலோவின் நூல் பெருமை பேசுகிறது. அவரோ சீனம் சேர்ந்ததே 1275 வாக்கில்தான்!

இன்று அங்கே காணப்படும் செங்கல் மதில், பெரும்பாலும் மிங் வம்சத்தார் காலத்தில் கட்டப்பெற்றதாகும்.