பேராலயத்தின் நண்பர்கள்

பழம்பெருங் கட்டடமொன்றைக் காப்பது யார் கடன்? அரசின் கடன் என்பர் சிலர். அங்கே வழிபடுவோர் கடன் என்பர் வேறு சிலர். இங்கிலாந்திலுள்ள கன்ரபரிப் பேராலயம் மூன்றாவது விடையொன்றைக் கண்டது.

597 ஆம் ஆண்டில் புனித அகுஸ்தீன் அந்நாட்டுக்கு வந்த காலந்தொட்டு இப்பேராலயத்தின் வரலாறு தொடங்குகிறது. 1170 இல் பேராயர் தோமஸ் பெக்கற் கொலையுண்டதும் இங்கேயே. இத்துணைப் பழமைவாய்ந்த கட்டடத்திற் கல் தேயும், வண்ணக் கண்ணாடி மங்கும், ஈயக்கூரை ஒழுகும். இவற்றையெல்லாம் எண்ணியே, அந்நாளில் அதன் தலைமைக் குருவாயிருந்த ஜோர்ஜ் பெல், 1927 இல் ‘பேராலய நண்பர்கள்’ என்னும் சங்கத்தைத் தொடக்கினார். ஆண்டுச் சந்தா செலுத்துவோர் அதில் உறுப்பினராகலாம். இவ்வகைச் சங்கங்களுள் இதுவே முதலாவது. ஏனைய பேராலயங்கள் பின்னர் இதனைப் பின்பற்றின. சங்கம் கலையையும் வளர்த்தது. அதன் விழாவுக்கென்றே 1935 இல் கவிஞர் ரி. எஸ். எலியற், பெக்கற்றின் முடிவை நாடகமாக்கினார்.

எனினும், பணம் மட்டுமே நட்பாகாது. 1942 யூன் மாதத்தில் கன்ரபரி நகர்மீது தீக்குண்டுகள் பொழிந்தன. கூரைமீது காவலிருந்தோர் அவற்றை எடுத்துக் கீழே எறிந்தனர். நூலகம் அழிந்தது, பேராலயம் பிழைத்தது.

செல்வர் ஒருவரின் பெருங்கொடை ஒருமுறை வரும். பலர் தரும் சிறுகொடையோ ஆண்டுதோறும் வரும். பழுதும் ஆண்டுதோறும் வருவதன்றோ? ஆதலின், இத்தகைய சங்கத்திற் சேருபவர் கட்டடத்துக்கு உரிமையாளராவதில்லை. தமக்குப் பின் வருவோருக்காக அதனைச் சிறிது காலம் காத்து நிற்பவராகின்றார்.